கழுவிய கை

மூத்தவனை வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். எங்கள் மலைக்கிராமம் கவுஞ்சியிலிருந்து காய்கறி லாரியில் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு என்னைக் கொண்டுவந்தபோது எனக்குப் பாதி நினைவுதான் இருந்தது. மாமியார் தீட்டு என்று எட்டவே நின்றார். தப்பித்தவறி என் போர்வை பட்டாலும் ஓடிப்போய்க் கை கழுவுவார்.

தையலுக்குக் கட்டு மாற்ற ஒரு நர்சம்மா வருவார். மூக்கையும் வாயையும் வெள்ளைத் துணியால் கட்டியிருப்பார். கண்கள் மட்டும் தெரியும். சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிவிட்டு, எதன்மேலும் படாமல் இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்தபடி என்னிடம் வருவார். மார்கழிக் குளிரில் அந்த விரல் பட்டதும் உடம்பு சிலிர்க்கும்.

ஒருநாள் மனசு பொறுக்காமல் கேட்டேன்: "நீங்களும் தீட்டுன்னுதான் கழுவுறீகளா?"

அவர் கட்டைப் பிரிப்பதை நிறுத்தினார்.

"தீட்டு ஒங்கிட்ட இல்ல தாயி, எங் கையிலதான் கெடக்கு. அது ஒம் புண்ணுல ஒட்டுச்சுன்னா சீப்புடிச்சிரும். அதுக்குத்தான் கழுவுறேன்."

பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி தையலில் சீழ் வைத்துக் காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தாள். என் புண் சுத்தமாக ஆறியது. ஊர் திரும்பும் நாளில் அவரைத் தேடினேன். முகம் தெரியாமல் யாரைத் தேடுவது?

இப்போதும் சந்தையில் யாருடைய விரலாவது சில்லென்று பட்டால் நிமிர்ந்து பார்க்கிறேன். இந்த மலையில் எல்லோருடைய கையும் சில்லென்றுதான் இருக்கிறது.