டிக்கிக்குள் பெய்த மழை

எங்கள் காரின் டிக்கிக்குள் மழை பெய்தது. பதுளைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் பகல் இரண்டு மணிக்குப் பிடிக்கும் மழை விளக்கு வைக்கிற நேரம் வரை விடாது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் ஒழுகாத கூரை கிடையாது. சட்டியை வைத்துவிட்டு ஆளாளுக்கு வேலையைப் பார்ப்பார்கள், யாரும் அதைப் பெரிதாகப் பேச மாட்டார்கள். ஆனால் ஆறு லயங்களுக்கு நடுவில் நின்ற ஒரே சொந்தக் கார் ஒழுகியது என்றால் பேசாமல் இருப்பார்களா? கொழுந்து நிறுக்கிற இடத்தில்கூட அதுதான் பேச்சு.

அப்பா தோட்டப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர். பண்டாரவளையில் யாரோ ஓட்டி அலுத்துப்போன ஒரு வெள்ளை ஜப்பான் காரை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். சகுனம், நல்ல நேரம், திருஷ்டி, ஜாதகம் இவற்றில் ஒன்றும் அவருக்கு ஆகாது. கார் வந்த அன்று அம்மா முன்னால் கட்டிய எலுமிச்சங்காயையும் மிளகாயையும் அறுத்தெடுத்து, காயை ஊறுகாய்க்கும் மிளகாயைக் குழம்புக்கும் போடச் சொன்னார். அம்மா மூன்று நாள் பேசவில்லை. அந்த மூன்று நாளும் குழம்பும் வைக்கவில்லை.

அப்பாவின் ஒரே தங்கை எங்களோடுதான் இருந்தார். அத்தைக்கு முப்பத்தொரு வயது. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. நான்கு வருடத்துக்கு முன் மொனராகலையிலிருந்து ஒரு வரன் வந்தது. வந்தவர்கள் ஜாதகம் கேட்டார்கள். கேட்டதுதான் தாமதம், கோள்கள் சூரியனைச் சுற்றுவதைப் பற்றி அப்பா அரை மணி நேரம் பாடம் எடுத்தார். அவர்கள் மரியாதையாகத் தேத்தண்ணி குடித்துவிட்டு எழுந்து போனார்கள், திரும்பி வரவில்லை. அத்தை கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அப்பாவும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு நெடுநாள் கழித்து வந்த வரன் அப்புத்தளை. மாப்பிள்ளை டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை. நல்ல மனிதர், கொஞ்சம் வழுக்கை. ஜாதகம் வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். தட்டு மாற்ற நாள் குறித்து, ஒன்பது தட்டுகளை டிக்கியில் அடுக்கிக்கொண்டு புறப்பட்டோம். காருக்குள் எட்டுப் பேர். மலை ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் எல்லாரும் வரிசையாக நிற்க, அப்பா டிக்கியைத் திறந்தார். லட்டு கரைந்து தட்டில் குழம்பாக நின்றது. வெற்றிலை மிதந்தது. குங்குமம் கரைந்து ஓடி, மாப்பிள்ளைக்கு எடுத்த பட்டு வேட்டியைப் பாதிக்குமேல் சிவப்பாக்கியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"நல்ல காரியத்துக்குக் கொண்டாந்த வேட்டியில செவப்பா?" என்றார். பிறகு, "வந்தது வந்தீங்க, சாப்பிட்டுட்டுப் போங்க. ரெண்டு கெழம கழிச்சுக் காஞ்ச தட்டாக் கொண்டு வாங்க. பாப்போம்" என்றார்.

அந்தப் 'பாப்போம்' இருக்கிறதே, அதைக் கேட்டுவிட்டு அன்று எங்கள் வீட்டில் யாராலும் சரியாகச் சாப்பிட முடியவில்லை. நான் மட்டும் இரண்டாவது முறை பாயாசம் கேட்டு அம்மாவிடம் கிள்ளு வாங்கினேன். வரும் வழியில் அத்தை அந்த வேட்டியை மடியில் வைத்துப் பிழிந்துகொண்டே வந்தார். பிழியப் பிழிய அது இன்னும் சிவந்தது.

ஆக, இரண்டு வாரத்துக்குள் ஒழுக்கைக் கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் அத்தையின் கல்யாணம் அந்தப் 'பாப்போ'மோடு நின்றுபோகும்.

"தட்ட நாங்க மடியில வச்சுக்கிறோம்" என்றார் அம்மா.

"ஒம்போது தட்டு. எத்தன மடி இருக்கு?" என்றார் அப்பா. வேன் பிடிக்கலாம் என்ற யோசனையையும் அவர் ஏற்கவில்லை. ஒழுகுகிற கார் வைத்திருக்கிற வீடு என்று அப்புத்தளை முழுக்கப் பெயர் வாங்கியாயிற்று, அதே காரில்தான் காய்ந்த தட்டு போய் இறங்க வேண்டுமாம்.

முதலில் டிக்கி மூடியைச் சுற்றியிருக்கிற ரப்பரைச் சந்தேகித்தார். பதுளை டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் போய்ப் புது ரப்பரும், ஓட்டை அடைக்கிற பசை ஒரு குழாயும் வாங்கி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒட்டினார். திங்கட்கிழமை மழையில் டிக்கிக்குள் ஒரு செம்பு தண்ணீர். புது ரப்பர் உள்ளே வந்த தண்ணீரை வெளியே விடாமல் காத்ததுதான் மிச்சம்.

லயத்து ஆட்களுக்கு அபிப்பிராயத்துக்குப் பஞ்சமில்லை. ஒருவர் சக்கரத்திலிருந்து தெறிக்கிறது என்றார். ஒருவர் காரை மேட்டைப் பார்த்து நிறுத்தச் சொன்னார், இன்னொருவர் பள்ளத்தைப் பார்த்து நிறுத்தச் சொன்னார். கார் வந்து ஒரு வருடம் சொட்டு விழாமல், அப்புத்தளை வரன் பேச ஆரம்பித்த மாதத்தில்தானே ஒழுக ஆரம்பித்தது, அப்படியானால் இது கண்ணூறுதான் என்று பெண்கள் முடிவு கட்டினார்கள். அப்பா அவர்களுக்கும் ஒரு பாடம் எடுத்தார்.

அம்மாவின் வழி வேறு. கோயிலிலிருந்து கொண்டுவந்த திருநீற்றை டிக்கி முழுக்கத் தூவினார்.

"காருக்கும் பட்டையா?" என்றார் அப்பா.

"பவுடர் முடிஞ்சிருச்சுங்க. தண்ணி வர்ற தடம் தெரியுமில்ல, அதுக்குத்தான்."

அது அவரே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டிய விஞ்ஞானம். மறுநாள் பார்த்தால், திருநீற்றில் மேலிருந்து நடுவாகத் தண்ணீர் சொட்டிய பள்ளங்கள் தெளிவாகத் தெரிந்தன. மேலேயிருந்துதான் வருகிறது என்றார் அம்மா. மேலேயிருந்து வர வாய்ப்பே இல்லை என்றார் அப்பா. எப்போதும் காரணம் சொல்கிறவர் அன்று சொல்லவில்லை.

உள்ளே ஆளைப் படுக்க வைத்து, மூடி, மேலே தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் என்ன என்று கேட்டது அத்தை. மூடிய டிக்கிக்குள் அடங்கக்கூடிய ஆள் வீட்டில் ஒன்பது வயதான நான் ஒருத்திதான்.

"வேணாம், மூச்சு முட்டும்" என்றார் அப்பா.

"முட்டுனா தட்டட்டும்" என்றார் அம்மா.

உள்ளே ஒரு தட்டு என்றால் ஒழுக்கு தெரிகிறது, மூன்று தட்டு என்றால் திறந்துவிட வேண்டும் என்று பேசி முடித்தோம். அப்பா ஒரு டோர்ச் கொடுத்தார். வீட்டில் இருந்த இரண்டில் மங்கலானது அது. நான் மல்லாந்து படுத்தேன், மூடி விழுந்தது. பழைய வாழைப்பழமும் ஈரப் பாயும் குங்குமமும் சேர்ந்து ஒரு நாற்றம். லயத்துக்குத் தண்ணீர் வரும் பீலியிலிருந்து வாளிவாளியாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. லயத்துச் சனம் முழுக்க வரிசையில் நின்றிருக்க வேண்டும், அவ்வளவு சத்தம்.

மூக்கின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. டோர்ச்சை நேரே மேலே அடித்தேன். பின் கண்ணாடிக்குக் கீழே வரும் தகரத்தில், குனிந்து பார்க்கிற யாருக்கும் தெரியாத இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செப்புத் தகடு. கட்டம் கட்டமாகக் கோடுகள், அதற்குள் எழுத்துகள், நாலு மூலைக்கும் நாலு ஸ்குரூ ஆணி. அதில் ஓர் ஆணி நீளம் கூடிப்போய்த் தகரத்தைத் துளைத்து வெளியே போயிருக்கிறது. அதன் வழியாகத் தண்ணீர் திரண்டு திரண்டு விழுந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. இது அம்மாவின் வேலை. எலுமிச்சங்காய் போனதற்குப் பதிலாக, அப்பாவுக்குத் தெரியாமல் பூசாரியிடம் தகடு வாங்கி அடித்திருக்கிறார். அப்பாவுக்குத் தெரிந்தால் இந்தத் தடவை மூன்று நாளோடு முடியாது. அத்தையின் கல்யாணத்தைக் கெடுத்ததே உன் தகடுதான் என்று ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார். படுத்த வாக்கிலேயே அம்மாவைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தேன். அத்தையை யார் காப்பாற்றுவது என்று யோசிக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் சொட்டு கண்ணில் விழுந்துவிட்டது. மூன்று முறை தட்டினேன்.

"எங்க?" என்றார் அப்பா.

"லைட்டுப் பக்கம்" என்றேன்.

"நான் நெனச்சேன்" என்றார் அப்பா, அவ்வளவு சந்தோஷமாக. பிறகு குரலைத் தாழ்த்தி, "வேற எதாவது பாத்தியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் சொன்னதற்கு அடி கிடைக்கும் என்று பயந்த எனக்குத் தின்ன ஒரு டொபி கிடைத்தது. அப்பா இரண்டு பின் லைட்டையும் கழற்றி, நானாவின் பசையை மிச்சமில்லாமல் அப்பினார்.

அடுத்த மழையிலும் ஒரு செம்பு. போவதற்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. அத்தை புதிதாக எடுத்த வேட்டியை அலுமாரியில் வைத்துவிட்டு அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். "இது நமக்குக் குடுத்து வக்கல போல, அண்ணி" என்றார் அம்மாவிடம். நான்கு வருடமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் வந்துவிட்டது மாதிரி இருந்தது. அப்பா லைட் வாங்கப் பதுளைக்குப் போயிருந்தார். அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, "புள்ளயோட கண்ண நம்பி ஆகாது" என்று நேரே காரிடம் போனார்.

அம்மா டிக்கிக்குள் ஏறியது சாதாரணக் காரியமில்லை. முதலில் தலை போனது, இடுப்பு நின்றது. அத்தையும் நானும் தள்ளினோம். மூடியை மூட முடியாமல் அவர் முழங்கால்மேல் சாய்த்து வைத்தோம். அத்தை கண்ணாடிமேல் தண்ணீர் ஊற்ற ஊற்ற, உள்ளே டோர்ச் அசைந்தது, பிறகு அசையாமல் நின்றது. தன் தகட்டைத் தானே கண்டுபிடித்துவிட்டு அம்மா எப்படி முழிப்பார் என்று பார்க்க நானும் இடுக்கில் தலையை நுழைத்தேன்.

"நான் அப்பாகிட்ட சொல்லலம்மா" என்றேன் காதோடு. "நீங்க வச்சதுன்னு எனக்குத் தெரியும்."

"நானா? இது நம்ம அலுமாரியோட ஸ்குரூ" என்றார் அம்மா. எங்கள் அலுமாரிக் கதவு மூன்று மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மரம் உளுத்துவிட்டது என்று அப்பா சொல்லியிருந்தார். "அந்த எழுத்தப் படி."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். அத்தையின் பெயர். அதற்குக் கீழே ஒரு நட்சத்திரத்தின் பெயர். அதை முடிப்பதற்குள் அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது.

"என்ன அண்ணி, தெரியுதா?" என்றார் அத்தை வெளியே, வாளியோடு.

அம்மா டோர்ச்சை அணைத்தார்.

"தெரியுது. லைட்டுக்குப் பக்கத்துல ஒரு ஓட்ட" என்றார் அம்மா.

இறங்கிவந்து, கண்ணாடிக்குக் கீழே இருக்கிற கால்வாயில் அடைந்திருந்த இலைகளைத் தோண்டினார். ஆணியின் முனை தெரிந்தது. லைட்டைச் சுற்றி அப்பா அப்பியிருந்த பசையைச் சுரண்டி, அதற்கு மேல் கட்டியாக வைத்து அமுக்கினார். தகட்டைத் தொடவில்லை. அப்பா வந்து கேட்டபோது, லைட்டுதான், சரிபண்ணியாச்சு என்றார்.

"உள்ள போய்ப் பாத்தியா?" என்றார் அப்பா.

"இந்த ஒடம்ப வச்சுக்கிட்டா? வெளியில நின்னேதான்."

அப்புத்தளைக்குப் போன அன்றும் மழை. டிக்கியைத் திறக்கும்போது அத்தை கண்ணை மூடிக்கொண்டார். ஒன்பது தட்டும் காய்ந்து கிடந்தன. மாப்பிள்ளையின் அம்மா வேட்டியை விரித்து இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு, முதல் முறையாகச் சிரித்தார். அத்தை அழுதேவிட்டார்.

வரும் வழி முழுக்க அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. பாருங்கள், ஒரு லைட், கொஞ்சம் பசை, அவ்வளவுதான் விஷயம், இதற்குப் போய்ச் சகுனம் என்றும் கண்ணூறு என்றும் எத்தனை கதை கட்டினார்கள் என்று ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சொன்னார். அம்மா இப்போது வாயைத் திறப்பார், அப்பாவின் கதை முடிந்தது என்று நான் சீட்டின் நுனிக்கு வந்தேன். சண்டையில் ஒரு சொல்லைக்கூட மிச்சம் வைக்காதவர் அம்மா. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "ஆமாங்க, லைட்டுதான்" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் குசினிக்குள் மடக்கினேன்.

"அந்தத் தகட அப்பாதானே வச்சாரு? நான் சொல்லட்டா?"

அம்மா அடுப்பிலிருந்து திரும்பினார். எனக்கு அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் என் தலையில் கை வைத்தார்.

"சொல்லாத புள்ள. நமக்குத் தெரியும்னு தெரிஞ்சா கழட்டிருவாரு" என்றார்.

அம்மாவுக்குத் தகட்டின்மேல் அவ்வளவு நம்பிக்கை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.