மொட்டை மாடியில் ஒரு கப்பல்

கூரை போட வேண்டும், ஆனால் அது ஒழுக வேண்டும் என்று கேட்ட ஒரே ஆளை நான் சேலையூரில்தான் பார்த்தேன். எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் ஆறு மாதம் குடியிருந்த ஆன்ட்டி அவர். நான் அப்போது ஆறாம் வகுப்பு.

அவரைக் கொண்டுவந்தது மாமா. அம்மாவின் தம்பி. கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை, தங்குவது எங்களோடு. "அக்கா, இஸ்ரேல்லேர்ந்து ஒரு ஆர்ட்டிஸ்ட் வராங்க. கோவளம் பக்கத்துல ஏதோ கேம்ப்பாம். நம்ம மாடியைக் குடுக்கலாமா?" என்று மாமா கேட்ட அன்றிலிருந்து பொன்னிறத் தலைமுடியோடு ஒருவர் வரப்போகிறார் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கியவரோ எங்கள் கணக்கு டீச்சர் மாதிரியே இருந்தார். மாநிறம், சுருட்டை முடி, நெற்றியில் வியர்வை. எனக்கு ஏமாற்றம். வாசலுக்கு வாசல் நின்று பார்த்த தெருவுக்கும்தான்.

வாயைத் திறந்ததும் குழப்பம் கூடியது. பேசியது மலையாளம்!

அவருடைய அம்மா கொச்சிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவராம். அங்கே யூதர்களுக்கென்றே ஒரு தெரு, பல நூறு வருஷமாக இருந்ததாம். அம்மா ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்தபோது தெரு மொத்தமும் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டது. போன தேசத்தில் அடுப்படிக்குள் மட்டும் மலையாளம் பிழைத்திருந்தது. ஆன்ட்டி அதை அங்கேதான் கற்றுக்கொண்டார். அதனால் தேங்காய், மிளகு, திட்டு இவற்றுக்கெல்லாம் அவரிடம் வார்த்தை இருந்தது. மின்சாரக் கட்டணத்துக்கு இல்லை.

ஆன்ட்டி படம் வரைவது மட்டுமல்ல, கதையும் எழுதுவார். அவர் நாட்டு எழுத்து வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் ஓடும். அதைப் பார்ப்பதற்காகவே பள்ளிவிட்டதும் மாடிக்கு ஓடுவேன். படங்களில் எல்லாம் பெண்கள். ஒருத்திகூடச் சும்மா நிற்கமாட்டாள். தையல் மெஷின், குழந்தை, ஒரு கதவு என்று எதையாவது தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பாள். "இவங்க எங்க போறாங்க ஆன்ட்டி?" என்று கேட்டால், "அது அறிஞ்சா நான் படம் வரைய வேண்டாமே" என்பார்.

கொலு பொம்மைகளை நாங்கள் பெட்டிக்குள் வைத்த வாரம், அவருக்குப் பண்டிகை வந்தது. பௌர்ணமியன்று சாயங்காலம் தொடங்கி ஏழு நாள் குடிசைக்குள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முன்னோர்கள் பாலைவனத்தில் வீடில்லாமல் அலைந்ததன் நினைவு. சுவர் எதுவாகவும் இருக்கலாம். கூரை மட்டும் இலைதழையாக இருக்க வேண்டும், அதன் வழியே நட்சத்திரம் தெரிய வேண்டும். அவருடைய அம்மா தென்னங்கீற்றுக் குடிசையைப் பற்றிச் சாகும்வரை பேசினாராம். ஆனால் திரும்பி வரவே இல்லை. "ஒரு தடவை எனக்கு அந்தக் கூரைக்குக் கீழ இருக்கணும் சேச்சி" என்று ஆன்ட்டி கேட்டபோது அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மாடித் தளத்தைப் பார்த்தார். போன வருஷம்தான் ஒழுகலை அடைத்து ஓடு பதித்திருந்தார்.

"ஆணி அடிக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான். நான் குதித்த குதியில் கீழே எங்கள் வீட்டு மின்விசிறியே ஆடியிருக்கும்.

கீற்று வேய வந்தவர் ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர். ஒரு காலை முழுக்க உழைத்து, குண்டூசி நுழையாதபடி வேய்ந்துவிட்டுப் பெருமையோடு இறங்கினார். ஆன்ட்டி உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"சேட்டா, வானம் காணல."

"மழை காலம் மேடம். வானம் தெரிஞ்சா தண்ணி வந்துடும்."

"வரட்டும்."

கீற்று வேய்ந்தவர் என் மாமாவைப் பார்த்தார். "சார், இருவது வருசமா இந்தத் தொழில் பண்றேன். ஒழுவுதுன்னு திட்டு வாங்கிக்கீறேன். ஒழுவலன்னு இன்னிக்குத்தான் வாங்குறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏணியேறினார். ஒரு கீற்று விட்டு ஒரு கீற்றாக உருவி எடுக்க எடுக்க, உள்ளே வெயில் கோடு கோடாக விழுந்தது. நானும் ஆன்ட்டியும் கை தட்டினோம். கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

அடுத்தது சுவர். மூன்று பக்கமும் வெள்ளைக் காடாத் துணி, நாலாவது பக்கம் வாசல். தெருப் பெண்கள் ஒவ்வொருவரும் தான் விட்டுவிட்டு வந்த இடத்தைத் துணியில் வரைய வேண்டும் என்றார் ஆன்ட்டி. யார் வருவார்கள் என்று அப்பா கேட்டார். எல்லோரும் வந்தார்கள். கொலுவுக்கு வந்து பழகிய கால்கள். சுண்டல் இல்லை என்பதுகூட அவர்களைத் தடுக்கவில்லை. பக்கத்து வீட்டு மாமி நெல்லூரில் ஒரு கிணற்றை வரைந்தார். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் அம்பாசமுத்திரத்துப் பள்ளிக்கூடத்தை வரையத் தொடங்கி, ஜன்னல் சரியாக வரவில்லையென்று தன்னையே திட்டிக்கொண்டார்.

கோவளத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவும் ஏறி வந்தார். புரட்டாசி என்பதால் மீன் வாங்க ஆளில்லை, பொழுது போகவில்லை.

"இன்னாம்மா இது, மழைல ஓட்டைக் கூரை போட்டுகினு கீறீங்க?" என்று சுற்றிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும், "நான் எங்கியும் வுட்டுட்டு வரலியே. கடல்தான் எங்க வூட்டாண்ட வந்து வூட்டை இஸ்துகினு போச்சு. அது கணக்குல வருமா?" என்றார்.

ஆன்ட்டி தூரிகையை அவர் கையில் கொடுத்தார். அக்கா கதவும் வாசல்படியும் மட்டும் வரைந்தார். வீடு எங்கே என்று கேட்டேன். "அதான் இஸ்துகினு போச்சுன்றேனே" என்று என் தலையில் தட்டினார்.

இரண்டு சுவரும் நிறைந்துவிட்டன. உள்பக்கத்துப் பெரிய சுவர் மட்டும் வெறும் வெள்ளை. அதை யாருக்கும் ஆன்ட்டி கொடுக்கவில்லை. "அது சேச்சிக்கு" என்று சொல்லிவிட்டார்.

அம்மா கையை உதறினாள். "ஐயோ, எனக்குக் கோலத்துக்கு மேல ஒண்ணும் வராது." அப்பாவும் உதவிக்கு வந்தார்: "அவளுக்கு வரையத் தெரியாதுங்க." எனக்கு வெட்கமாகப் போயிற்று. தெருவில் எல்லார் அம்மாவும் வரைந்திருக்க, எங்கள் அம்மாவின் சுவர் மொட்டையாக நின்றது. தினமும் கெஞ்சினேன். உன் ஊர் கோத்தகிரிதானே, ரெண்டு மலை, நடுவில் சூரியன், முடிந்தது வேலை என்று சொல்லியும் பார்த்தேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

பண்டிகை நாள். பள்ளிவிட்டு வந்தேன், வீட்டில் யாரும் இல்லை. மாடிக்கு ஓடினேன்.

அம்மா சேலையைச் சொருகிக்கொண்டு ஸ்டூல்மேல் நின்றிருந்தாள். முழங்கைவரை நீலம். கன்னத்தில் பச்சை. நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. சுவர் முழுக்கப் படம்! பின்னால் மலைகள், பச்சைப் பச்சையாகச் சரிவு, சரிவில் ஒரே வரிசையாகத் தகரக் கூரை அறைகள். முன்னால் கடல். கடலில் ஒரு கப்பல். கப்பலின் விளிம்பில் ஒரு சிறுமி, இடுப்பில் மூக்கொழுகும் ஒரு குழந்தை, காலடியில் தகரப் பெட்டி. கோடுகள் அப்படி ஓடின, யாரோ பின்னாலிருந்து துரத்துகிற மாதிரி.

"அம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் ஸ்டூல் ஆடியது. "சூப்பர்ம்மா! ஆன்ட்டியோட அம்மா கப்பல்!"

அம்மா திரும்பினாள். ஏதோ சொல்ல வந்தவள், "ம்" என்றாள்.

கொச்சியில் இவ்வளவு மலை இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பெரிய மனசோடு அந்தத் தப்பை விட்டுவிட்டேன்.

அப்போதுதான் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. விமானப் படைத்தளத்துப் பக்கமிருந்து ஒரு காற்று, கீற்றுகள் படபடத்தன, முதல் துளி என் மூக்கில் விழுந்தது. அம்மாவின் சாயம் இன்னும் ஈரம். சுருட்டவும் முடியாது, அவிழ்க்கவும் முடியாது. கூரையோ ஆன்ட்டி ஆசைப்பட்டபடியே அழகாக ஒழுகத் தொடங்கியது.

"எல்லாரும் வாங்க!" என்று அம்மா கத்தினாள். அம்மாவுக்கு அப்படியொரு குரல் இருப்பது தெருவுக்கு அன்றுதான் தெரிந்தது. "படம் போயிடும்! விட்றாதீங்க!"

மாமி குடையோடு வந்தார். அப்பா அலுவலகச் சட்டையோடு ஓடிவந்தார். அப்போதுதான் வாசலில் இறங்கியிருந்த மீன்கார அக்கா தன் வண்டியிலிருந்த நீலத் தார்ப்பாயை உருவிக்கொண்டு படியேறினார். "பிடி சாரு, அந்த முனையைப் பிடி! தூக்கிப் பிடி!" என்று அப்பாவை அதட்டினார். அப்பா பிடித்தார். மாமா ஒரு மூலை, ஆன்ட்டி ஒரு மூலை, அக்கா ஒரு மூலை. தார்ப்பாயின் நடுவில் தண்ணீர் குளமாகத் தேங்க, நான் துடைப்பக் கட்டையால் அடியிலிருந்து குத்திக் குத்தி வெளியே தள்ளினேன். தள்ளிய தண்ணீரெல்லாம் அப்பாமேல் விழுந்தது. அவர்கூடச் சிரித்தார். அம்மா மட்டும் சுவருக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கையையும் விரித்து, கடைசிவரை அப்படியே நின்றாள்.

மழை வந்த வேகத்திலேயே போயிற்று. கடலின் ஒரு மூலை மட்டும் கரைந்து கீழே வழிந்திருந்தது. கப்பல் தப்பியது.

ஆன்ட்டி மெழுகுவத்தி ஏற்றினார். அந்தப் பண்டிகைக்கு அப்படியொரு காய் வேண்டுமாம்; ஊறுகாய்க்கென்று அம்மா வாங்கியிருந்த நார்த்தங்காயில் ஒன்றைக் கையில் ஏந்தி, முகர்ந்து, தன் மொழியில் ஏதோ சொன்னார். பின்பு, அலைந்து திரிந்த முன்னோர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விருந்துக்குக் கூப்பிட்டார். கீற்றிடையே நிலா வந்தது. ஈரப் பாயில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். அதைவிட நன்றாக ஒரு சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை.

நான் சும்மா உட்காரவில்லை. வந்தவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சுவரைக் காட்டினேன். "எங்கம்மா வரைஞ்சது! இது ஆன்ட்டியோட அம்மா. இடுப்புல இருக்கறது அவங்க தம்பி."

மாமா குனிந்து அந்தக் குழந்தையை வெகுநேரம் பார்த்தார். "பையன் நல்லா இருக்கானா?" என்று கேட்டார்.

"மூக்கு ஒழுகுது மாமா."

அவர் சிரித்தார். பிறகு ஏன் கைப்பிடிச் சுவரோரம் போய்த் தனியாக நின்றார் என்று நான் யோசிக்கவில்லை.

நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு மாமாதான் சொன்னார். கோத்தகிரி அவர்களுக்கு இரண்டாவது ஊர். இருவரும் பிறந்தது இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை அறைகளில். குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள். என் அம்மாவின் இடுப்பில் ஏறி வந்த குழந்தைதான் மாமா. கல்யாணமான புதிதில் அப்பா வீட்டு உறவில் யாரோ 'அகதிப் பொண்ணு' என்று சொல்ல, அன்றோடு அம்மா அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாளாம்.

அந்தப் பண்டிகை இரவில் ஆன்ட்டிக்கு யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. அவர் சுவர் முன்னால் நின்று பார்த்தார், பிறகு அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அப்போ எத்ர வயசு, சேச்சி?"

"ஏழு" என்றாள் அம்மா.

வாயில் சாதத்தோடு நான் முந்திக்கொண்டேன். "ஏழு இல்லம்மா, ஒன்பது! ஆன்ட்டியோட அம்மா கப்பல்ல போறப்ப ஒன்பது வயசு. உனக்கு எதுவுமே ஞாபகம் இருக்காது."

"ஆமாம்டி, மறந்துட்டேன்" என்றாள் அம்மா. ஆன்ட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நீலச் சாயம் அவர் கையிலும் ஒட்டிக்கொண்டது. அம்மாவைத் திருத்திவிட்ட சந்தோஷத்தில் நான் இன்னொரு கரண்டி எலுமிச்சை சாதம் கேட்டேன்.