தேனீக்கு விழுந்த ஓட்டு

போன ஞாயிற்றுக்கிழமை என் தேனீக்கள் மீது விசாரணை. இடம், புனேயில் எங்கள் சொசைட்டியின் கிளப் ஹவுஸ். குற்றம், என் வீட்டுக் கொல்லையில் பெட்டிக்குள் குடியிருப்பது!

லோஹேகாவ் பக்கம் வரிசை வீடுகள். ஆளுக்கொரு துண்டுக் கொல்லை. சிலர் துளசி வைத்தார்கள், சிலர் பழைய வாஷிங் மெஷினை வைத்தார்கள். நான் தேனீ வைத்தேன். பெட்டி இருக்கலாமா, எடுக்க வேண்டுமா என்று ஓட்டெடுப்பு.

சேர்மன் ஏர்ஃபோர்ஸில் ரிடையர் ஆனவர். சொசைட்டி விதிகளைப் புரட்டினார். தேனீ பற்றிப் பேச்சே இல்லை. சரி, செல்லப் பிராணி விதியையே போடுவோம் என்றார். தடுப்பூசி சர்ட்டிஃபிகேட் வேண்டும். வெளியே போகும்போது கழுத்தில் பெல்ட் வேண்டும்... நான் சிரித்துத் தொலைத்தேன். அதுதான் வினை. மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. பெட்டியை எடுக்கச் சொல்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

சடசடவென்று கைகள். என்னைத் தவிர ஹாலில் இருந்த அத்தனை ஆண்களும்! ஆசை ஆசையாய் வளர்த்த கூட்டம் ஐயா அது. காலைக் காபியை அந்தப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து குடிக்காவிட்டால் எனக்குக் காபியே இறங்காது.

அப்போது செக்ரட்டரி மேடம் எழுந்தார். வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் மெம்பர், மெம்பருக்குத்தான் ஓட்டு என்று சாவகாசமாக ஹிந்தியில் ஞாபகப்படுத்தினார்.

தூக்கிய கைகள் அந்தரத்தில் நின்றன.

மகாராஷ்டிராவில் பெண் பெயரில் வீட்டைப் பதிந்தால் ஸ்டாம்ப் டியூட்டியில் சலுகை. விடுவோமா நாம்? சாமர்த்தியமாக எல்லாரும் மனைவி பெயரில் வாங்கியிருந்தோம். ஒவ்வொரு கையாக இறங்கியது. சேர்மனின் கை கடைசியாக.

குதிக்கப் போனவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் வீடும் என் மனைவி கல்யாணி பெயரில்தான்! போன மாதம்தான் ஒரு தேனீ அவள் கன்னத்தில் கொட்டி, முகம் பூரி மாதிரி உப்பியது. அன்றிலிருந்து அவள் பெட்டி இருக்கும் பக்கமே திரும்புவதில்லை.

பெட்டி இருக்கலாம் என்பவர்கள்? முதல் கை... சேர்மனின் மனைவி! பின்னாலேயே மற்ற பெண்களும். சிரிப்பு வேறு. பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. சங்கராந்தி சமயத்தில் இங்கே ஹல்தி குங்கு என்று பெண்களை வீட்டுக்கு அழைத்து, மஞ்சள் குங்குமத்தோடு சின்னதாக ஒரு பரிசும் கொடுப்பார்கள். இந்த வருஷம் கல்யாணி கொடுத்தது ஆளுக்கொரு குட்டி பாட்டில் தேன். எங்கள் கொல்லைத் தேன்! அடுத்த சங்கராந்திக்கும் வேண்டாமா?

கடைசியில் கல்யாணியின் கையும் உயர்ந்தது. அங்கேயே விதிகளும் தயார் — பெட்டியின் வாசல் காம்பவுண்டுச் சுவரைப் பார்க்க வேண்டும், பக்கத்தில் தண்ணீர்த் தட்டு வைக்க வேண்டும், பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் பெட்டியைத் திறக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "உன்னைக் கொட்டிச்சே... அப்புறமும் ஏன் கை தூக்கின?"

"வீடு என் பேர்ல இருக்கு. தேனீ இருந்துட்டுப் போகட்டும்," என்றாள். கேட்டைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களும் இருந்துக்கங்க."

ஒரே நாளில் இரண்டு பெர்மிஷன்!