மூட்டத்தில் ஒரு துளை

பாகலூர் சாலையில் அண்ணன் முன்னால் நடந்தான், பத்தடி பின்னால் நான். அவன் தோளில் துணிப்பை, கழுத்தில் அப்பா அடித்த புளிய விளாரின் தடம். லாரி கிடைத்தால் கர்நாடக எல்லையைத் தாண்டிவிடுவான். அதற்குள் நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் வீடு திரும்பலாம்.

ஓசூருக்குக் கம்பெனிகள் வராத காலம். நாங்கள் கரி சுட்டுப் பிழைத்தோம். விறகை அடுக்கி மண் பூசிய மூட்டத்துக்குள் நெருப்பு ஒரு வாரம் புழுங்கிக்கொண்டிருக்கும். காற்று புகுந்தால் அத்தனையும் சாம்பல்.

கிருஷ்ணகிரி கல்லூரியில் ஒரு வருஷம் படித்து நின்றுவிட்ட அண்ணன், மூட்டத்துக்குக் காவல் இருந்த ஒரு மத்தியானம் சொன்னான்: "நட்சத்திரமும் மூட்டந்தான்டா. உள்ள கரி வேவுது. சாவறப்போ வெளிய எறைச்சிட்டுப் போவும். அந்தத் தூளும் சேந்துதான் அடுத்த நட்சத்திரம். அப்படியே வானத்துல கரி கூடிக்கிட்டே போவுது. இந்த மரத்துல, உன் ஒடம்புல இருக்கறதும் அதான்."

"உள்ள எப்படி இருக்கும்?"

"எவன் கண்டான்? நீ வேணா போயி எட்டிப் பாரு."

அவன் சிரித்துக்கொண்டே தண்ணீர் எடுக்கப் போனான். நான் ஒரு குச்சியால் மூட்டத்தில் கண்ணளவு துளை போட்டேன். உள்ளே சிவப்பு, வேறொன்றும் தெரியவில்லை. மண் அப்பி மூடினேன், சரியாக மூடவில்லை. மறுநாள் மூட்டம் உள்வாங்கிக் கிடந்தது.

"எவன்டா தொறந்தது?" என்றார் அப்பா.

"நாந்தான் நைனா" என்றான் அண்ணன். தானே ஏதோ தவறுதலாகத் திறந்துவிட்டதாக அவன் நம்புகிறான், என் துளை அவனுக்குத் தெரியாது என்று நினைத்து நிம்மதியடைந்தேன். அப்பா அடித்து ஓய்ந்து, இனி கண்ணில் படாதே என்றார்.

ஏரிக்கரையில் லாரி நின்றது. அண்ணன் திரும்பிப் பார்த்தான். "எதுக்குடா பின்னாலயே வர? வூட்டுக்குப் போ."

வாயைத் திறந்தேன். "எனக்கும் பெங்களூரு பாக்கணும்" என்றுதான் வந்தது.

"பாக்கலாம் பாக்கலாம். பொகை நீலமா வந்தா கரி வெந்துடுச்சுன்னு அர்த்தம், நைனாவக் கூப்புடு. பாக்கறேன்னு மட்டும் தொறக்காத." என் தலையில் தட்டிவிட்டு ஏறிக்கொண்டான்.

பொதுவாகப் புத்தி சொல்கிறான் என்றே அன்று எண்ணினேன். பிறகு எத்தனையோ ஊர்களில் அவனைத் தேடி அலைந்துவிட்டேன்.

அண்ணன் போன மறுநாள் காலை அப்பா அடுத்த மூட்டத்துக்கு நெருப்பு வைத்தார். என் பள்ளிக்கூடப் பையை வாங்கி மரத்தில் மாட்டிவிட்டு, அண்ணன் உட்காரும் கல்லில் என்னைக் காவலுக்கு உட்கார வைத்தார். புகை இன்னும் வெள்ளையாகத்தான் வந்துகொண்டிருந்தது.