போர் தெரியாத எழுத்தாளர்

யுத்த காலத்தில் நான் செய்த பிழையொன்றை ஒப்புக்கொள்கிறேன். மட்டக்களப்புப் பெண் எழுத்தாளர் ஒருவரின் நாவலுக்குச் சஞ்சிகையொன்றில் விமர்சனம் எழுதினேன். காணாமற்போன எல்லாரும் கடைசியில் வீடு திரும்பும் கதை அது. "இந்த அம்மாவுக்குப் போர் நடப்பதே தெரியாது" என்று முடித்திருந்தேன்.

அடுத்த மாதம் இராணுவச் சுற்றிவளைப்பில் என் தம்பியைப் பிடித்துப் போனார்கள். புளியந்தீவில், மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு அருகில், சிங்களத்தில் மனு எழுதிக் கொடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் போனேன். எனக்கு முன்னால் தாய்மார் பலர் காத்திருந்தார்கள். என் முறை வந்ததும் என் பெயரைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எண்ட நாவலுக்கு விமர்சனம் எழுதினது நீதானா மனே?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"பகல் முழுக்க வராத புள்ளையளப் பத்தித்தான் எழுதுறன். கதையிலயாவது அதுகள் வரட்டுமே" என்றவர், பேனையை எடுத்தார். "தம்பி என்ன உடுப்புப் போட்டிருந்தவன்? வடிவா யோசிச்சுச் சொல்லு."

மூன்று கிழமையில் தம்பி வந்துவிட்டான். அவனை அவரிடம் கூட்டிப்போனேன். அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இவ்வளவு நாளும் நான் எழுதின ஆக்களில, நேர வந்து நிண்டது நீதான் மனே."

அவருடைய நாவல்கள் எல்லாவற்றையும் பிறகு வாசித்தேன். போரை அவரளவுக்கு அறிந்து எழுதியவர் எவருமில்லை என்று இன்று உறுதியாகச் சொல்வேன்.