பொரிக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன்

எனக்கு வாய் பெரிது. இதை நான் சொல்லவில்லை, இல்ஃபோர்டில் எங்கள் தேவாலயப் பங்கு முழுவதும் சொல்லும். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் தீயணைப்பு நிலையத்திலிருந்து இரண்டு பேர் கோயில் மண்டபத்துக்கு வந்தார்கள். வீடு வீடாகப் போய்த் தீப் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லவும் புகை அலாரம் பூட்டிக் கொடுக்கவும் தமிழ் பேசும் தொண்டர்கள் வேண்டும் என்றார்கள். மண்டபத்திலிருந்த அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. சுவாமியார்கூடத் திரும்பினார். சம்பளம் கிடையாது, ஒரு நாள் பயிற்சியும் ஒரு மஞ்சள் மேலங்கியும் கிடைக்கும். மேலங்கியைப் போட்டுக்கொண்டால் எவருடைய குசினிக்குள்ளும் அடுப்படிவரை உரிமையோடு நுழையலாம் என்று தெரிந்ததும் நான் கையைத் தூக்கிவிட்டேன். உள்ளதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

ஆனால் முழு உண்மை அதுவல்ல. என் அண்ணை பக்கத்துக் குட்மேய்ஸில் தனியாக இருந்தார். அவருடைய மனைவி, என் மச்சாள், காலமாகி ஒன்றரை வருடமாகியிருந்தது. அதுவரை தேநீர்கூடப் போடத் தெரியாத மனிதர் அறுபத்தெட்டு வயதில் சமைக்கத் தொடங்கியிருந்தார். பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு டிவிக்கு முன்னால் தூங்கி, இரண்டு சட்டிகளைக் கரியாக்கிவிட்டார். மூன்றாவது முறை சட்டியோடு நிற்காது என்று எனக்குப் பயம். வீட்டில் ஒரு அலாரம் பூட்டுங்கோ என்று நான் கெஞ்சாத நாளில்லை. அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது.

“வேண்டாம் பிள்ளை. அது கத்தும். வீட்டிலை சத்தம் எனக்குப் பிடிக்கேல்லை.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மச்சாள் இருந்த காலத்தில் அந்த வீட்டில் சத்தத்துக்கு என்ன குறை? சட்டி அடிப்பிடிக்க முன்னமே மேல்மாடியில் நின்று கத்தத் தொடங்கிவிடுவார். நாற்பது வருடம் அதைக் கேட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு இப்போது சத்தம் பிடிக்கவில்லையாம்! தங்கச்சி சொன்னால் கேட்கமாட்டார், மஞ்சள் மேலங்கி சொன்னால் கேட்பார் என்று கணக்குப் போட்டேன்.

என்னோடு சேர்த்துவிட்ட தொண்டர் கோயம்புத்தூர்க்காரர். நாற்பது வயது, கணினி வேலை, அளந்து பேசுகிற பிள்ளை. நான் அவரைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவேன். பேசுவது நான், கதிரையில் ஏறி அலாரம் பூட்டுவதும் படிவம் நிரப்புவதும் அவர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

முதல் வீட்டிலேயே சிக்கல் தொடங்கியது. “எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலை வைச்சிட்டு ஒரு நிமிசமும் விலகக்கூடாது” என்று நான் முன்னறையில் விளக்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி முன்னால் அமர்ந்து “ஓம் அக்கா, ஓம் அக்கா” என்று பக்தியோடு தலையாட்டினாள். தம்பி மூக்கைச் சுளித்தார்.

“அக்கா, அடுப்புல ஏதோ இருக்கு போல.”

“அதொண்டுமில்லைத் தம்பி, உங்களுக்குத்தான் ரோல்ஸ் பொரியுது” என்றாள் அவள்.

இரண்டாவது வீட்டில் வடை. மூன்றாவது வீட்டில் பற்றிஸ். வீட்டுக்கு வந்தவர்களை வெறும் தேத்தண்ணியோடு அனுப்புவது எங்கள் ஆட்களால் ஏலாத காரியம். வந்தவர்கள் பேசும்போது எழுந்து குசினிக்குள் போவதும் மரியாதையில்லை. ஆகவே எண்ணெய் தன்பாட்டில் கொதிக்கும், அவர்கள் எங்களோடு இருந்து, எண்ணெயைத் தனியே விடக்கூடாது என்று படிப்பார்கள். நாங்கள் போயிராவிட்டால் அந்த வீடுகளில் அன்று அடுப்பே எரிந்திராது. இதைத் தம்பி எனக்கு மெதுவாக எடுத்துச் சொன்னபோது ரோல்ஸ் என் தொண்டையில் சிக்கியது.

பிறகு முன்கூட்டியே போன் எடுத்து, “ஒண்டும் பொரிக்க வேண்டாம்” என்று சொல்லத் தொடங்கினேன். அது அதைவிடப் பிழையாகப் போயிற்று. எங்கள் ஆட்களிடம் முதலாவது ‘வேண்டாம்’ எடுபடாது, மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். வேண்டாம் என்று சொன்ன வீடுகளில் ரோல்ஸோடு வடையும் வந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணையின் முறை வந்தது. அவருக்கு நான் போன் எடுக்கவில்லை. தேத்தண்ணி போடவே போன வருடம் பழகிய மனிதர், இவர் எங்கே பொரிக்கப்போகிறார் என்ற நினைப்பு. தம்பியைக் கண்டதும் அண்ணைக்கு மறுத்துப் பேச வாய் வரவில்லை. “பூட்டட்டும்” என்றார். என் காதருகே குனிந்து, “நீங்கள் போனாப்பிறகு கழட்டிப்போடுவன்” என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சற்று நேரம் உள்ளே போய் நின்றவர் தேத்தண்ணியோடு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். நடையில் தம்பி அலாரப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் பாடத்தைத் தொடங்கினேன்: எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது, சட்டியைத் தூக்கக்கூடாது, ஏலுமென்றால் அடுப்பை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போகவேண்டும். அலாரம் சும்மா கத்தினால் நடுவிலிருக்கும் பொத்தானை அமத்த அடங்கிவிடும் என்றும் சொன்னேன். அண்ணை “ஓம், ஓம்” என்றார்.

அப்போது தம்பியின் கையிலிருந்த அலாரம் வீரிட்டது.

“அக்கா, நான் ஒண்ணுமே பண்ணல!” என்று தம்பியும் கத்தினார்.

பிறகுதான் எனக்கு மணந்தது. எழும்பி ஓடினேன். குசினியில் எண்ணெய்த் தாச்சியிலிருந்து நெருப்பு மேலே புகைக்கூண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ரோல்ஸ் பெட்டி. சத்தியமாகச் சொல்கிறேன், எத்தனையோ வீடுகளில் நான் பாடிய பாட்டு ஒன்றும் அந்த நேரம் தலையில் இல்லை. தொட்டியருகே தண்ணீர்க் குவளை இருந்தது. தூக்கிவிட்டேன்.

பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

“விசரி! தண்ணி ஊத்தக்கூடாதெண்டு இப்பதானேடி சொன்னனீ!” என்று கத்தினார் அண்ணை.

தம்பி சுவரிலிருந்த அடுப்பின் சிவப்புச் சுவிட்சை நிறுத்தினார். கதவை இழுத்துச் சாத்திவிட்டு மூவரும் தெருவுக்கு ஓடினோம். தம்பி 999க்குப் பேசினார். அண்ணை தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று தம்பியைப் பார்த்துச் சொன்னார்: “பத்து ரோல்ஸ் தம்பி. என்ரை மனுசி இருந்திருந்தா உங்களை இப்பிடி வெறும் வாயோடை விட்டிருக்கமாட்டா. குறை நினைக்காதேங்கோ.”

அவருக்குப் பொரிக்கத் தெரியாது. ஆனாலும் மச்சாளின் வீட்டுக்கு வந்தவர்கள் பசியோடு போகக்கூடாது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

தீயணைப்பு வண்டி வந்தது. முதலில் இறங்கியவர் எனக்குப் பயிற்சி கொடுத்தவர்! என் மஞ்சள் மேலங்கியை மேலும் கீழும் பார்த்தார். எப்படித் தொடங்கியது என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாத தம்பி, “தீப் பாதுகாப்பு விளக்கத்தின்போது” என்றார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது. நல்லவேளை, சுவரும் புகைக்கூண்டும் கறுத்ததோடு போயிற்று. தாச்சிதான் மூன்றாவது பலி. போகுமுன் அவர்களே நடையில் அலாரத்தைப் பூட்டிவிட்டார்கள். அண்ணை அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கழற்றிவிடுவார் என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பூசை முடிந்து வந்து செருப்பைக் கழற்றமுதல் போன் அடித்தது. அண்ணை. பின்னால் அலாரம் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது.

“கேக்குதோ பிள்ளை?”

“ஐயோ அண்ணை, அடுப்பை நிப்பாட்டுங்கோ! வெளியிலை வாங்கோ!”

“அடுப்பு எப்பவோ நிப்பாட்டியாச்சு. வாட்டின பாண் துண்டு கொஞ்சம் கருகிப்போச்சு, அவ்வளவுதான்.”

“அப்ப ஏன் கத்த விட்டுக்கொண்டு நிக்கிறியள்? பொத்தானை அமத்துங்கோ!”

“அமத்துறன், அமத்துறன். கொஞ்சம் கத்தட்டும்.” அலாரத்துக்கு மேலால் குரலை உயர்த்திச் சொன்னார்: “ஒண்டரை வருசமா இந்த வீட்டிலை என்னை ஒருத்தரும் ஏசேல்லைப் பிள்ளை.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப நான் ஒவ்வொரு நாளும் ஏசுறது என்ன?”

“நீ போனிலை ஏசுறனீ. இது வீட்டுக்குள்ளை நிண்டு ஏசுது.”

ஒரு காலில் செருப்போடு, அது கத்துவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு, அடுப்பை நிறுத்தியது நிச்சயம்தானா என்று இன்னொரு முறை கேட்டேன்.

“ஓம் பிள்ளை, ஓம்” என்றார் அண்ணை.