தாழ்ந்து வந்த பந்து

திருவனந்தபுரத்தில் நடக்கும் விருது விழாவை மைதானத்தில் திரை கட்டிக் காட்டலாம் என்று கிளப்பில் முடிவானதும், ப்ரொஜெக்டர் கொண்டுவரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பாறசாலையில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருப்பவன் நான். காரோட்டில் எங்கள் வாலிபால் மைதானத்தைச் சுற்றி ஒரு வாரமாக நின்றிருந்த பலகைகள் எல்லாம் என் கடையில் அடித்தவை. எல்லாவற்றிலும் ஒரே முகம், அந்த விருதை வாங்கப்போகிறவர் முகம். எங்கள் மைதானத்தில் பழகி, பிறகு நாட்டுக்காக ஆடிய அட்டாக்கர். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். திருவனந்தபுரத்துக்குக் குடிபோய் வெகுகாலம் ஆகியும், அவர் ஆடிப் பார்த்திராத பிள்ளைகள்கூட அவர் படத்தை பைக்கில் ஒட்டியிருந்தார்கள்.

முன்வரிசையில் செட்டர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். அண்ணன் பாய்ந்து அடிப்பதற்குப் பதினொரு வருடம் பந்தை வலைக்கு மேலே தூக்கிக் கொடுத்தவர். ஆட்டத்தை விட்டு ஆரியங்கோட்டில் ரப்பர் பால் வெட்டப் போன பிறகும் ஊர் அவரைச் செட்டர் என்றே கூப்பிட்டது. அன்றைக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். திரையில் அண்ணன் மேடை ஏறியதும் முதலில் கைதட்டியது அவர்தான்.

அண்ணன் விருதை வாங்கினார். கொடுத்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதைப் பக்கத்து மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, மைக்கைப் பிடித்து மலையாளத்தில் பேசினார். இது காலம் தாழ்ந்து வந்த பிச்சை என்றார். தன்னை யாரும் வளர்க்கவில்லை, காலை வாரிவிட்டவர்கள்தான் உண்டு என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"சொந்த ஊர்க்காரனே என்னை ஒற்றிக் கொடுத்தான், துரோகம் செய்தான். கொல்லத்தில் நடந்த இறுதியாட்டத்தில், கடைசிப் பந்தை வேண்டுமென்றே தாழ்த்திக் கொடுத்தான். இப்போது அவன் என் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருப்பான்."

 மைதானத்தில் பின்வரிசையிலிருந்து ஒவ்வொரு தலையாக முன்வரிசைப் பக்கம் திரும்பியது. செட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி அவர் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள்.

முதல் நாள் கோபம் அண்ணன்மேல்தான் இருந்தது. "மேடையில நின்னு இப்பிடியா பறயது?" என்று டீக்கடைக்காரர் சுவரிலிருந்த அண்ணன் படத்தை எடுத்து அரிசிச் சாக்குக்குப் பின்னால் வைத்தார். கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் தலைகுனிவு என்று எழுதினார்கள். இரண்டு நாள் கழித்து டீ குடிக்கப் போனபோது படம் சுவரில் திரும்பத் தொங்கியது. நான் அதைப் பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"அவரு சும்மா பறயமாட்டாரு பாத்துக்க. என்னமோ நடந்திருக்கு" என்றார்.

அதற்குள் குழுவில் பேச்சு மாறியிருந்தது. பழைய ஆட்டத்தின் மங்கலான துண்டு ஒன்றை யாரோ தேடிப் போட்டிருந்தார்கள். பந்து தாழ்வாக வருகிறது, அண்ணன் அடிக்கிறார், வலையில் மோதி விழுகிறது. அவ்வளவுதான். அதை நிறுத்தி நிறுத்தி, செட்டரின் கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார்கள்.

அந்தக் கைக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். அந்த ஆட்டத்தில் நானும் இருந்தேன், பெஞ்சில். செட்டருக்கு முடியாமல் போனால் இறங்க வேண்டிய மாற்று ஆள் நான். மூன்றாவது செட்டில் பந்தைத் தடுக்கப் போய் அவருடைய வலது நடுவிரல் மடங்கிப்போனது. விரலைச் சுற்றி டேப் ஒட்டியது நான். வீங்கிக் கறுத்து, தொட்டாலே துடித்தது.

"பறயாண்டாம் மக்கா. அறிஞ்சா என்னய வெளிய எடுத்திருவாவ" என்றார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்காக என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். உண்மையில், அந்தக் கூட்டத்துக்கு நடுவில் இறங்க எனக்குப் பயமாக இருந்தது. ஐந்தாவது செட்டின் கடைசிப் பந்து தாழ்ந்துதான் வந்தது. அந்த விரலோடு அவ்வளவு உயரம் வந்ததே பெரிது.

இதைக் குழுவில் எழுதப் பலமுறை போனை எடுத்தேன். இரண்டு வரி தட்டுவேன், அழிப்பேன். தானாக அடங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் கடைக்கு நாலு பேர் வந்தார்கள். நான் தினமும் பார்க்கிற பிள்ளைகள், நல்ல பிள்ளைகள். ஒருவன் பென்டிரைவை நீட்டினான். திறந்தால் செட்டரின் முகம். அதே வெள்ளைச் சட்டை, அன்றைக்கு மைதானத்தில் யாரோ பக்கவாட்டில் எடுத்த படம். மேலே பெரிய எழுத்தில் ஒற்றுக்காரன்.

"இத எங்க வைக்கப் போறிய?"

"அவருக்க வீட்டு நேர எதிர்ல" என்றான், மிகவும் சாதாரணமாக.

"இத நான் அடிக்க மாட்டேன்."

அவர்கள் சண்டை போடவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பென்டிரைவைக் கழற்றி எடுத்தவன் வாசலில் நின்று திரும்பினான். "நீங்க நம்ம பக்கமில்ல போலிருக்கு" என்றான். இவ்வளவு நாளும் பக்கம் என்று ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது.

பலகை எப்படியும் வந்தது. நெய்யாற்றின்கரையில் எங்கோ அடித்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் செட்டர் பால் வெட்டப் போனபோது, அவர் வெட்டும் மரங்களில் பால் பிடிக்கும் சிரட்டை ஒன்றுகூட இல்லை. எல்லாம் மண்ணில் உடைந்து கிடந்தன. நாற்பது மரத்துக்குமேல் பால் வெட்டும் பட்டையை உள்மரம் தெரியும்வரை கொத்தியிருந்தார்கள். விஷயம் கேட்டு நான் போனபோது, அவர் ஒரு மரத்தடியில் குந்தி, காயத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். பால் கைமீறி மணிக்கட்டு வழியாக வடிந்தது.

"போலீசில பறயலாம் அண்ணே."

"யாரெப் பறயது? எல்லாம் நம்ம பிள்ளியளாக்கும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தோட்டத்துக்காரர் இனி வேலைக்கு வர வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். அவருக்கு மரம் முக்கியம்.

அன்று மத்தியானம் அண்ணனுக்கு போன் போட்டேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் நின்றுவிடும் என்று நம்பினேன். விரல் விஷயத்தைச் சொன்னேன், மரங்களைச் சொன்னேன். மறுமுனையில் டி.வி. சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"வெரலு வீங்கினத நானும் பாத்தேன்லே. அன்னைக்கே அறியும்" என்றார்.

"பின்ன எதுக்கு அண்ணே அப்பிடிப் பேசினிய?"

"பின்ன? நானாக்கும் தோத்தேன்னு மேடையில நின்னு பறயணுமா?" கொஞ்சம் சிரித்தார். "அடுத்த மாசம் வரவேற்பு உண்டு, நான் வாறேன். நீ ஃப்ளெக்ஸ் அடிக்கிறவன்தானே? அத ஒழுங்கா அடி. வேற ஜோலி பாக்காண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை கிளப் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மடங்கிய விரல், ஒட்டிய டேப், நான் பயந்தது, போனில் அண்ணன் சொன்னது. முடித்ததும் செயலாளர், கல்லூரி முடித்து வங்கியில் வேலை பார்க்கிறவர், அமைதியாகக் கேட்டார்.

"இருபத்தெட்டு வருஷமா ஏன் பறயல்ல?"

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "மாத்து ஆளும் செட்டரும் ஒரு கூட்டாக்கும். இப்பத்தான் மனசிலாச்சு."

சிலர் தலையாட்டினார்கள். டீக்கடைக்காரர் மட்டும் எழுந்து வெளியே போனார். எனக்காகப் போனாரா, என்னைக் கேட்கப் பிடிக்காமல் போனாரா, இன்றைக்கும் தெரியாது.

வரவேற்பு நடந்தது. நான் போகவில்லை. அண்ணன் இறங்கியதும் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அங்கே அவர் அழுதாராம். அதைப் பார்த்துப் பலரும் அழுதார்களாம்.

செட்டர் எல்லை தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் குலசேகரத்துக்குப் போய்விட்டார். மனைவியின் தம்பி அங்கே ஒரு தோட்டத்தில் வேலை பிடித்துக் கொடுத்திருக்கிறான். பலகை நின்ற இடத்தைக் கடந்து அவருடைய காரோட்டு வீட்டுக்கு இப்போது யாரும் வருவதில்லை. மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய் அவரைப் பார்த்துவிட்டு வருவேன். கூட்டத்தில் நான் பேசியது அவர் காதுக்கும் போயிருந்தது. நாங்கள் மழையைப் பற்றியும் பால் விலையைப் பற்றியும் மட்டும் பேசுவோம்.

போன மாதம் போனபோது மனைவி சாயா கொண்டுவந்து வைத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, அவர் மெதுவாகச் சொன்னார்.

"மக்கா, தப்பா நினைக்காண்டாம். அடுத்த தோட்டத்துக்காரன் கேட்டான், பாறசாலையிலேந்து வாற அந்த ஆளு யாருன்னு. அந்தப் பேச்சு இங்கயும் வரப்பிடாது. இனி கொஞ்ச நாளு வராண்டாம்."

சரி என்றேன். அவர் பஸ் ஸ்டாப்வரை கூட வரவில்லை. வாசலில்கூட நிற்கவில்லை. நான் படி இறங்கும்போதே உள்ளே கதவுக்குக் கொண்டி போடும் சத்தம் கேட்டது. வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது.